பீட்டர், டாம், பென், ஹாரி, டேனியல்: வாஷிங்டனில் ஆறு நாள்

முதல் நாள்: கேப்பிட்டல், தரைக்கு அடியில்

வாஷிங்டனுக்கு வருகிறவர்கள் கேப்பிட்டலின் வெள்ளைக் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அமெரிக்க நாடாளுமன்றம் கூடும் அந்தக் கட்டடத்துக்குக் கல் வெட்டியது யார், மரம் அறுத்தது யார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் கீழே இறங்க வேண்டும். அவர்களில் பலர், தலைப்பில் பெயர் உள்ள ஐவரைப் போல, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பர்கள். பார்வையாளர் மையம் கிழக்கு முற்றத்துக்கு அடியில் இருக்கிறது.

மெட்ரோவில் கேப்பிட்டல் சவுத் அல்லது யூனியன் ஸ்டேஷன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் போதும். திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் மாலை 4.30 வரை திறந்திருக்கும். கட்டணம் கிடையாது. குவிமாடத்துக்குக் கீழே வட்ட மண்டபம் வரை போக வேண்டுமானால் வழிகாட்டியோடு போகும் சுற்றுக்கு இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இன்று நாம் பார்க்கப் போவதற்கு அதுகூடத் தேவையில்லை. பலர் மாட்டிக்கொள்வது சோதனைச் சாவடியில்தான். தின்பண்டம் எதுவும் கூடாது, தண்ணீர் பாட்டில் காலியாக இருக்க வேண்டும், 18 அங்குல அகலம், 14 அங்குல உயரம், 8.5 அங்குல ஆழத்துக்கு மேற்பட்ட பை உள்ளே போகாது. விமான நிலையத்திலிருந்து நேரே பெட்டியோடு வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

உள்ளே நீங்கள் நிற்கும் பெரிய கூடத்தின் பெயர் விடுதலைக் கூடம், எமான்சிபேஷன் ஹால். திட்டத்தில் இதற்கு வெறும் 'பெருங்கூடம்' என்றுதான் பெயர். 2007 டிசம்பர் 18 அன்று கையெழுத்தான சட்டம் பெயரை மாற்றியது. கூடத்தின் வடக்குப் பக்கத்துக்குப் போங்கள். மெருகேற்றிய பளிங்கு மேடைமேல் சொரசொரப்பான ஒரே ஒரு மணற்கல். சுற்றியுள்ள பளபளப்பில் அது பொருந்தாமல் நிற்கிறது. 2012 பிப்ரவரி 28 அன்று திறந்துவைத்த நினைவுக்கல் இது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் உளி பட்ட தடம் இன்னும் தெரியும்.

அதில் எழுதியிருப்பதன் பொருள் இது: இந்த மணற்கல் 1824 முதல் 1826 வரை கட்டிய கேப்பிட்டலின் கிழக்கு முகப்பில் இருந்தது, அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் உள்ளிட்ட தொழிலாளர்கள் இதை வெட்டியெடுத்தார்கள், கேப்பிட்டலைக் கட்டியதில் அவர்களுக்கு உள்ள முக்கியப் பங்கை இது நினைவுகூர்கிறது. இரண்டு முறை படியுங்கள். 'அடிமைகள்' என்று எழுதாமல் 'அடிமைப்படுத்தப்பட்ட' என்று எழுதியிருப்பது சரியான தேர்வு. அடிமை என்பது ஒருவருடைய குணமோ பிறவியோ அல்ல, இன்னொருவர் அவருக்குச் செய்தது. ஆனால் 'உள்ளிட்ட' என்ற சொல் பாரத்தைக் குறைக்கிறது. அடிமைப்படுத்தியவர் யார், கூலி யார் கைக்குப் போனது என்பது வாக்கியத்தில் இல்லை. ஒருவர் பெயர்கூட இல்லை. இந்தப் பயணத்தில் ஒவ்வொரு நினைவுச் சின்னத்தின் முன்னாலும் இதே கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

அடிக்கல் நாட்டியது 1793 செப்டம்பர் 18. அதிலிருந்து இந்தக் கல் வர 218 ஆண்டுக்கு மேல் ஆனது. 2000ஆம் ஆண்டு ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர் பழைய கூலி ரசீதுகளைத் தேடியெடுத்து வெளிக்கொண்டுவந்தார். அதைத் தொடர்ந்து நாடாளுமன்றம் ஒரு பணிக்குழு அமைத்தது. 2005இல் கேப்பிட்டலின் கட்டட வரலாற்றாளர் வில்லியம் ஆலன் ஆவணங்களைத் தொகுத்து அறிக்கை கொடுத்தார். பணிக்குழு 2007இல் பரிந்துரை தந்தது. நினைவுக்கல் வைக்கும் தீர்மானம் 2009 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 399க்கு 1 என்ற வாக்கில் நிறைவேறியது. 2010 ஜூனில் 2 நினைவுப் பலகைகள், 2012இல் இந்தக் கல். ரசீது கிடைத்திராவிட்டால் இதில் எதுவும் நடந்திருக்காது என்பதால்தான் நாளை ஆவணக் காப்பகத்துக்குப் போகிறோம்.

அதற்கு முன் இதே கூடத்தில் உயர்ந்து நிற்கும் வெள்ளைச் சிலையைப் பாருங்கள். குவிமாடத்தின் உச்சியில் இருக்கும் 'சுதந்திரம்' வெண்கலச் சிலைக்கு மூல அச்சாக இருந்த சாந்துச் சிலை இது. உயரம் 19 அடி 6 அங்குலம். தாமஸ் கிராஃபோர்ட் ரோமில் செய்தார். சிலையின் முந்தைய வடிவம் ஒன்றில் தலையில் ரோமாபுரியில் விடுதலையான அடிமைகள் அணியும் குல்லாய் இருந்தது. அப்போதைய போர்த்துறைச் செயலர் ஜெஃபர்சன் டேவிஸ் அதை எதிர்த்தார். குல்லாய் போய் கழுகுச் சிறகு வைத்த தலைக்கவசம் வந்தது. டேவிஸ் பின்னாளில் அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் தலைவரானவர்.

ரோமிலிருந்து துண்டு துண்டாகக் கப்பலில் வந்த சாந்துச் சிலையை ஓர் இத்தாலியக் கைவினைஞர் இணைத்து நிறுத்தினார். பிறகு வார்ப்பட்டறைக்குக் கொண்டுபோகப் பிரிக்க வேண்டிய நேரத்தில், கூலி உயர்த்தாமல் பிரிக்க மாட்டேன் என்றார். இணைப்புகள்மேல் சாந்து பூசியிருந்ததால் எங்கே பிரிகிறது என்று வெளியே தெரியாது. தப்பான இடத்தில் தட்டினால் மொத்தமும் நொறுங்கும். வார்ப்பட்டறை உரிமையாளர் கிளார்க் மில்ஸுக்கு அடிமையாக இருந்த பிலிப் ரீட் வழி கண்டார். சிலையின் உச்சியில் இருந்த இரும்பு வளையத்தில் கயிறு கட்டிக் கப்பி வைத்து மெல்ல மெல்ல இழுத்தார்கள். எடை மேல்நோக்கி ஏற ஏற, இணைப்பு இருந்த இடத்தில் முடி போலக் கீறல் விட்டது. அந்தக் கீறலைப் பிடித்துப் பிரித்தார்கள். சிலை 5 பகுதிகளாக வெண்கலத்தில் வார்க்கப்பட்டது.

1860 ஜூலை முதல் 1861 மே வரை அச்சுகளுக்கு அடியில் நெருப்பு அணையாமல் காத்ததும் ரீட்தான். வார நாள் கூலி மில்ஸுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கூலி மட்டும் ரீட்டுக்கு. நாளொன்றுக்கு 1.25 டாலர் வீதம் 33 ஞாயிறு, ஆக 41.25 டாலர். ரசீதில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. நம் பழைய பத்திரங்களில் 'கீறல்' என்று போடுவார்களே, அதேதான்.

1862 ஏப்ரல் 16 அன்று தலைநகரில் அடிமை முறையை ஒழித்த சட்டம் இழப்பீட்டை விடுதலை பெற்றவர்களுக்குத் தரவில்லை, உரிமையாளர்களுக்குத் தந்தது. மில்ஸ் எழுதிய மனுவில் ரீட்டின் வயது 42, உயரம் குறைவு, தோற்றம் எடுப்பில்லை, ஆனால் புத்திசாலி, வார்ப்பட்டறையில் நல்ல வேலைக்காரர் என்று இருக்கிறது. விலை 1,500 டாலர் கேட்டார், 350.40 டாலர் கிடைத்தது. 1863 டிசம்பர் 2 அன்று சிலையின் தலைப்பகுதி உச்சியில் ஏறியபோது ரீட் சுதந்திர மனிதர். பார்வையாளர் மையத்தை 2008இல் திறக்க அதே டிசம்பர் 2ஐத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

இரண்டாம் நாள்: தேசிய ஆவணக் காப்பகம்

சுதந்திரப் பிரகடனத்தைப் பார்க்க வரிசை நிற்கும் வாசல் வேறு, ஆய்வாளர்கள் வாசல் வேறு. பென்சில்வேனியா அவென்யூ பக்க வாசலுக்குப் போங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் ஆய்வாளர் அட்டை இலவசமாகத் தருவார்கள். பேனா கூடாது, பென்சில் மட்டும். பை, மேல்கோட்டு இரண்டையும் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். சில தொகுப்புகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க் கட்டடத்தில் இருக்கக்கூடும் என்பதால், எது எங்கே என்று முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் மிச்சமாகும்.

தலைநகரைக் கட்டிய ஆணையர்களின் கடிதங்களும் நடவடிக்கைக் குறிப்புகளும் எம் 371 என்ற எண்ணுள்ள நுண்படச் சுருள்களில் இருக்கின்றன, மொத்தம் 27 சுருள். 1862 விடுதலைச் சட்டத்தின் மனுக்கள் எம் 520, 6 சுருள். இழப்பீடு கேட்ட மனு என்பதால் ஒவ்வொருவரின் பெயர், வயது, தொழில், உடற்குறை எல்லாம் விவரமாக எழுதியிருக்கும். விலை கூட்டுவதற்காக எழுதிய விவரம்தான் இன்று அந்த மனிதர்களைப் பற்றிக் கிடைக்கும் நல்ல சான்றாகவும் இருக்கிறது.

1792 ஏப்ரல் 13ஆம் தேதிக் குறிப்பில்தான் தொடக்கம். ஐரோப்பாவிலிருந்து தொழிலாளர்களை வரவழைக்க எடுத்த முயற்சி சரிவராமல் போனது. புதுத் தலைநகர் அப்போது காடும் வயலும். ஆணையர்கள் முடிவெடுத்தார்கள்: நல்ல உழைப்பாளிகளான கறுப்பர்களை ஆண்டு வாடகைக்கு அமர்த்துவது, உடையும் ஒரு போர்வையும் எஜமானர் பொறுப்பு, சாப்பாடு ஆணையர் பொறுப்பு, கூலி ஆண்டுக்கு 21 பவுண்ட், எஜமானருக்கு. மேரிலாந்துப் பணத்தில் அன்று ஒரு டாலருக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ். கணக்குப் போட்டால் 21 பவுண்ட் என்பது 56 டாலர், மாதத்துக்கு 5 டாலரைத் தொடவில்லை.

ஆள் பற்றாக்குறை மட்டும் காரணம் என்று பலர் எழுதுகிறார்கள். ஆணையர்களே வேறு காரணமும் சொல்லியிருக்கிறார்கள். 1793 ஜனவரியில் அன்றைய வெளியுறவுச் செயலர் தாமஸ் ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில், கறுப்பர்களை அமர்த்தியது 'மிகப் பயனுள்ள தடை'யாக இருந்து விவகாரங்களைச் சூடேறாமல் வைத்தது என்கிறார்கள். சுதந்திரத் தொழிலாளி கூடுதல் கூலி கேட்காமல் இருக்கவும் அடிமைகள் பயன்பட்டார்கள் என்பது அதன் பொருள்.

ரசீதுகளைப் படிக்கும்போது வழக்கமாக நேரும் பிழைகள் சில உண்டு. முதலாவது, எண்ணிக்கை. 1795 முதல் 1801 வரை 'கறுப்பர் வாடகை' என்ற தலைப்பில் 385 கொடுப்பனவுகள் பதிவாகியிருக்கின்றன. இதை 385 அடிமைகள் என்று எழுதிவிடுகிறார்கள். 385 என்பது பணம் கொடுத்த தடவைகள், ஆட்கள் அல்ல. ஒரே ஆளுக்கு ஆண்டுதோறும் பணம் போயிருக்கலாம், ஒரே கொடுப்பனவில் பலர் அடங்கியிருக்கலாம். அடுத்தது பெயர். தொழிலாளிக்கு முதற்பெயர் மட்டும், எஜமானருக்கு முழுப்பெயர். இரண்டு எஜமானர்களிடம் இரண்டு டாம் இருந்தால், எஜமானர் பெயரையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். அதேபோல எஜமானர் பெயரின் கீழே அடுத்தடுத்த வரிகளில் வரும் சிறு குறி 'மேற்படி' என்று பொருள்படுவது. அதைத் தவறவிட்டால் பாதி ஆட்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுவார்கள்.

கேப்பிட்டலின் கட்டட வடிவத்துக்குப் பரிசு வாங்கிய வில்லியம் தார்ன்டன் ஆணையராக இருந்தபோது ஒரு யோசனை சொன்னார். கூர்மையான 50 கறுப்பர்களை விலைக்கு வாங்கி, கல் செதுக்கப் பழக்கி, சில ஆண்டு வேலைக்குப் பிறகு விடுதலை செய்துவிடலாம் என்றார். அது நடக்கவில்லை. கேப்பிட்டல் வேலையில் அடிமைகளை மேய்த்த கண்காணிப்பாளர் சாமுவேல் ஸ்மால்வுட் பின்னாளில் வாஷிங்டன் நகர மேயரானார்.

மூன்றாம் நாள்: வெள்ளை மாளிகை

இன்று குறைவான நேரம் போதும். மாளிகைக்கு வடக்கே லஃபாயெட் சதுக்கத்தில், கட்டியவர்களைப் பற்றிய தகவல் பலகையை வெள்ளை மாளிகை வரலாற்றுச் சங்கம் 2021இல் வைத்தது. சதுக்கம் பாதுகாப்புக் காரணங்களுக்காக அடிக்கடி மூடப்படும். காலையில் போய்ப் பாருங்கள், மூடியிருந்தால் மாலையில் மறுபடி முயலுங்கள்.

1795 மே மாதத்துத் தச்சர் சம்பளப் பட்டியலில் 5 பெயர்கள் உண்டு: பீட்டர், டாம், பென், ஹாரி, டேனியல். முதல் நால்வரும் ஜேம்ஸ் ஹோபனுக்குச் சொந்தம் என்று எழுதியிருக்கும். அயர்லாந்திலிருந்து வந்த ஹோபன்தான் இந்த மாளிகையை வடிவமைத்தவர், வேலையை மேற்பார்த்தவரும் அவரே. டேனியல் அவருடைய உதவியாளர் பியர்ஸ் பர்செலுக்குச் சொந்தம். வேலை வாங்கியவரே கூலியையும் வாங்கிக்கொண்டார்.

சுவரைப் பார்த்து அன்றைய வேலைப் பிரிவினையைச் சொல்லலாம். வெளிப்பக்கம் வர்ஜீனியாவின் அக்குவாய் ஓடைக் குவாரியில் வெட்டிய மணற்கல், உள்பக்கம் செங்கல். செங்கல்லுக்கு மண் வெட்டியதும் சூளை போட்டதும் இந்த வளாகத்திலேயே. மரம் அறுக்கக் குழி தோண்டி, குழிக்குக் குறுக்கே அடிமரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நீள ரம்பத்தை இழுத்தார்கள். மேலே நிற்பவர் கோடு பார்த்து ஓட்ட வேண்டும். கீழே நிற்பவர் முகமெல்லாம் மரத்தூள். ஸ்காட்லாந்துக் கொத்தனார்கள் கல்லை இழைத்து அடுக்கினார்கள். குவாரியில் வெட்டி உருட்டியது அடிமைகள். அவர்களுக்கு அந்த வேலையைக் குவாரியிலேயே பழக்கியவர் தலைமைக் கொத்தனார் காலன் வில்லியம்சன்.

வெள்ளை மாளிகை வெள்ளையானதற்கும் இந்தக் கல்தான் காரணம். நுண்துளை உள்ள கல். துளைக்குள் நீர் புகுந்து பனிக்காலத்தில் உறைந்தால் கல் வெடிக்கும். அதனால் 1798இல் சுண்ணாம்புக் கலவை பூசினார்கள். காஞ்சி கைலாசநாதர் கோயில் மணற்கல் சிற்பங்கள்மேல் சுதை பூசியிருப்பதை நினைத்துக்கொண்டால் விளங்கும்.

'அடிமைகள் கட்டிய வீட்டில் தினமும் கண் விழிக்கிறேன்' என்று மிஷெல் ஒபாமா 2016 ஜூலையில் பேசியபோது அது உண்மைதானா என்று கேட்டவர்கள் ஏராளம். மேலே உள்ள 5 பெயர்களே பதில்.

நான்காம் நாள்: தேசிய மரத்தோட்டத்துத் தூண்கள்

நகரின் வடகிழக்கில் தேசிய மரத்தோட்டம். நுழைவு இலவசம். புல்வெளியில் கூரை இல்லாமல் 22 தூண்கள் வானம் பார்த்து நிற்கின்றன. கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள்தான் அதிகம். கேப்பிட்டலின் கிழக்கு முகப்பை 1820களில் தாங்கியவை இவை. 1860களில் பெரிய இரும்புக் குவிமாடம் வந்ததும், முகப்பு அதற்கு அடியில் ஒட்டாததுபோலத் தெரிந்தது. 1958இல் முகப்பைக் கிழக்கே நகர்த்திப் பளிங்கில் கட்டத் தொடங்கியபோது தூண்களைக் கழற்றினார்கள். 1990இல் இங்கே நட்டார்கள். 24இல் மீதி 2 தூண்கள் உடைந்த நிலையில் இதே தோட்டத்தில் மவுண்ட் ஹாமில்டன் குன்றின்மேல் கிடக்கின்றன.

கேப்பிட்டலில் இருக்கும் நினைவுக்கல்லும் இதே முகப்பிலிருந்து வந்த கல்தான். இங்கே தூணுக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். வெயில் சாயும் நேரம் நல்லது, சாய்ந்த வெளிச்சத்தில் உளித்தடமும் குழியும் எடுப்பாகத் தெரியும். ஆங்காங்கே கோலிக்குண்டு அளவில் குழிகள் இருக்கும். கல்லுக்குள் களிமண் உருண்டைகள் இருந்து மழையில் கரைந்துபோன இடங்கள் அவை. கேப்பிட்டலின் மேற்கு முகப்பை 1983 முதல் 1987 வரை புதுப்பித்தபோது ஏறக்குறைய 40 விழுக்காடு மணற்கல்லைக் கழற்றிச் சுண்ணாம்புக்கல் வைக்க வேண்டியிருந்தது. எஞ்சியிருக்கும் பழைய கல் ஒவ்வொன்றும் அதனால் அருமையானது.

தோட்டத்தை ஒட்டி ஓடும் பிளேடன்ஸ்பர்க் சாலையில்தான் கிளார்க் மில்ஸின் வார்ப்பட்டறை இருந்தது. நேரம் இருப்பவர்கள் மேரிலாந்தின் லேண்டோவரில் உள்ள நேஷனல் ஹார்மனி கல்லறைத் தோட்டம் வரை போகலாம். 1892இல் இறந்த பிலிப் ரீட்டின் உடல் இடம் மாற்றப்பட்டுக் கடைசியில் வந்துசேர்ந்தது அங்கே. 2014 ஏப்ரல் 16, விடுதலைச் சட்டத்தின் ஆண்டு நாளில், அவர் பெயர் பொறித்த பலகை வைத்தார்கள்.

ஐந்தாம் நாள்: அக்குவாய் ஓடை, குவாரித் தீவு

இந்தப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். வாஷிங்டனுக்குத் தெற்கே ஏறக்குறைய 40 மைல், வர்ஜீனியாவின் ஸ்டாஃபர்ட் மாவட்டம். ஊர் வண்டி வசதி இல்லை, கார் வேண்டும். ஐ-95 நெடுஞ்சாலையில் வந்து கோல் லேண்டிங் சாலைக்குத் திரும்பினால் அதன் கடைசியில் கவர்ன்மென்ட் ஐலண்ட் பூங்கா. 2010இல் பொதுமக்களுக்குத் திறந்தது. சதுப்புமேல் போட்ட மரப்பாலத்தில் நடந்து 17 ஏக்கர் தீவுக்குள் போக வேண்டும். குடிதண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். கோடையில் முழுக்கால் சட்டை, முழுக்கை, கொசு மருந்து கட்டாயம். திரும்பியதும் கணுக்கால், முழங்கால் மடிப்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள மான் உண்ணி லைம் காய்ச்சலைப் பரப்பும்.

தலைநகரின் வரைபடத்தைப் போட்ட லான்ஃபான், 1791இல் அரசுக்காக 1,800 பவுண்டுக்கு இந்தத் தீவை வாங்கினார். காரணம் இரண்டு. இங்குள்ள கல் எந்தத் திசையில் வெட்டினாலும் வெட்டிய கோட்டிலேயே பிரியும், படலம் படலமாக உரியாது. கொத்தனார்கள் விரும்பும் குணம் இது. இரண்டாவது, கல் இருப்பது தண்ணீர் ஓரம். ஒரு கன அடி மணற்கல் ஏறக்குறைய 65 கிலோ. 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரமுள்ள ஒரு பாளம் 16 கன அடி, ஒரு டன்னுக்கு மேல் வரும். இதை மண் சாலையில் மாட்டு வண்டியில் 40 மைல் இழுக்க முடியாது. ஓடையில் படகேற்றினால் பொட்டோமாக் ஆற்று வழியாகத் தலைநகர்த் துறைக்கே போய்விடும்.

பாதையில் நடக்கும்போது இலைச் சருகுக்குள் செங்குத்தான கல் சுவர்கள் தெரியும். இயற்கைப் பாறை என்று நினைத்துத் தாண்டிவிடாதீர்கள். பக்கத்தில் போனால் வரிவரியாகக் குத்துக்கோடாலி போட்ட கோடுகள் தெரியும். ஒவ்வொரு சுவரும் பாளத்தை எடுத்துவிட்ட பிறகு எஞ்சிய பக்கம். வேலை இப்படி நடந்தது: முதலில் மரத்தை வெட்டி, வேரோடு மேல்மண்ணை அள்ளி, பாறையை வெளிக்காட்ட வேண்டும். பிறகு எடுக்கப்போகும் பாளத்தைச் சுற்றிலும் ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்குக் குத்துக்கோடாலியால் பள்ளம் வெட்டிக்கொண்டு கீழே இறங்குவார்கள். ஒடுங்கிய பள்ளத்துக்குள் கோடாலியை முழுதாக வீச இடமில்லை, குறுகிய வீச்சில் குத்திக் குத்தித்தான் இறங்க முடியும். தெறிக்கும் மணல் தூளைச் சுவாசித்துக்கொண்டேதான் வேலை. பாளத்தின் அடிமட்டம் வந்ததும் வரிசையாக ஆப்பு வைத்து மாறி மாறி அடிப்பார்கள். எல்லா ஆப்பும் ஒரே அழுத்தத்தில் இறங்க வேண்டும், ஒன்று முந்தினால் கல் கோணலாக வெடிக்கும். விடுபட்ட பாளத்தை அங்கேயே ஓரளவு சமன்செய்துவிடுவார்கள், புதிதாக வெட்டிய கல் ஈரத்தோடு மென்மையாக இருக்கும், காய்ந்தபின் இறுகிவிடும். அதோடு வீண் எடையும் படகில் ஏறாது. பிறகு நெம்பி உருட்டிக் கரைக்கு.

கெடுவதற்கு எத்தனையோ வழி. மூன்று பக்கம் வெட்டி முடித்தபின் நடுவில் பெரிய களிமண் உருண்டை தலைகாட்டினால் பாளம் தூணுக்கு உதவாது, சுவருக்குள் நிரப்பும் கல்லாகிவிடும். மழை பெய்தால் பள்ளத்தில் நீர் கட்டும். பனிக்காலத்தில் ஆறு உறைந்தால் படகு நிற்கும். குவாரியில் கல் தாமதப்பட்டால் தலைநகரில் நாள்கூலி வாங்கும் கொத்தனார்கள் சும்மா உட்கார வேண்டிவரும். அந்த நெருக்கடி முழுதும் கடைசியில் வந்து இறங்கியது இந்தப் பள்ளத்துக்குள் நின்றவர்கள் முதுகில்தான்.

சுவரில் ஏறாதீர்கள், கல் துண்டு எடுக்காதீர்கள். உளித்தடம் விரல் தேய்ப்பிலேயே மழுங்கும் அளவுக்கு மென்மையான கல். இந்தக் கோடுகளைப் போட்ட கை யாருடையது என்று சொல்ல வழியில்லை, ஆனால் கேப்பிட்டல் மண்டபத்துப் பளிங்கு மேடையைவிட அந்த மனிதர்களுக்குப் பக்கத்தில் கொண்டுவிடுவது இந்தச் சுவர்தான்.

ஆறாம் நாள்: சார்லட்ஸ்வில், வர்ஜீனியா பல்கலைக்கழகம்

யூனியன் ஸ்டேஷனிலிருந்து ஆம்ட்ராக் ரயிலில் இரண்டரை மணி நேர அளவில் சார்லட்ஸ்வில். நிலையத்திலிருந்து மேற்கு மெயின் தெருவில் ஒரு மைல் நடந்தால் பல்கலைக்கழகம். ஜெஃபர்சன் 1819இல் நிறுவிய அரசுப் பல்கலைக்கழகம், யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருப்பது. 1817 முதல் 1865 வரை இதைக் கட்டியும் பராமரித்தும் உழைத்த அடிமைப்படுத்தப்பட்டவர்கள் ஏறக்குறைய 4,000 பேர்.

முதலில் வட்டக் கட்டடமான ரொட்டண்டாவின் கீழே உள்ள நடைவழிக்குப் போய்த் தரையைப் பாருங்கள். 2007இல் பதித்த பலகைக்கல் ஒன்று இருக்கும். 1817க்கும் 1826க்கும் இடையே தங்கள் உழைப்பால் ஜெஃபர்சனின் வடிவமைப்பு நிறைவேற உதவிய, சுதந்திரமான, அடிமைப்பட்ட சில நூறு ஆண் பெண்களைப் போற்றுகிறது அது. இதிலும் எழுவாய் மெல்ல நழுவுவதைக் கவனியுங்கள். பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருப்பது ஜெஃபர்சனை மட்டும். கட்டியவர்கள் 'உதவினார்கள்'. அதுவும் காலடியில், மிதித்துப் போகும் இடத்தில். இது போதாது என்று மாணவர்கள்தான் முதலில் சொன்னார்கள். 2010 வாக்கில் அவர்கள் தொடங்கிய முயற்சி பத்தாண்டில் தனி நினைவிடமாக எழுந்தது. 2020இல் கட்டி முடித்து 2021 ஏப்ரலில் அர்ப்பணித்தார்கள்.

ரொட்டண்டாவுக்குக் கிழக்கே புல்மேட்டில் திறந்த வளையமாகக் கருங்கல் சுவர். குறுக்களவு 80 அடி, ரொட்டண்டாவின் அளவையே எடுத்திருக்கிறார்கள். கல் 'வர்ஜீனியா மிஸ்ட்' என்ற கரும்சாம்பல் கிரானைட். உள்ளே நுழையும் ஒரு பாதை வடக்கு விண்மீனை நோக்கியது, வடக்கே தப்பியோடியவர்களுக்கு வழி காட்டிய விண்மீன். மற்றொன்று மார்ச் 3 அன்று சூரியன் மறையும் திசைக்கு. 1865இல், உள்நாட்டுப் போரில், வடக்கு மாநிலங்களின் படை இந்த ஊருக்குள் வந்த நாள் அது.

உள்சுவரில் கிடைமட்டமாகச் சிறு வெட்டுகள், ஆளுக்கு ஒன்றாக 4,000. கிடைத்த பெயர்கள் அந்தந்த வெட்டின் மேலே. திறந்தபோது 578 பெயர்கள் இருந்தன. இன்னும் 311 பேருக்குப் பெயர் கிடைக்கவில்லை, என்ன வேலை செய்தார், யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் தெரிந்தது. வெட்டின் மேலே அந்த வேலையையோ உறவையோ எழுதியிருக்கிறார்கள். எஞ்சிய வெட்டுகள் மொட்டையாக இருக்கின்றன. பெயர்ப் பட்டியலில் கண் வேகமாக ஓடும், மொட்டை வெட்டுகளில்தான் நிற்கும். கேப்பிட்டல் கல் பெயர் எதுவும் சொல்லாமல் எல்லோரையும் 'உள்ளிட்ட' என்ற ஒரு சொல்லுக்குள் அடக்கியது. இங்கே தெரியாதவர்களுக்கும் ஆளுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவதுதான் நேர்மையான வழி என்று இந்த ஆறு நாளும் பார்த்தபின் உறுதியாகச் சொல்லலாம்.

வெளிச்சுவரைச் சுற்றி வரும்போது கல்லின் கரடுமுரடுக்குள் இரண்டு கண்கள் தெரிய வேண்டும். நேரே பக்கத்தில் நின்றால் தெரியாது. நாலைந்து அடி பின்னால் வந்து, உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலோ மாலையிலோ பாருங்கள். அவை இசபெல்லா கிப்பன்ஸின் கண்கள். இங்கே ஒரு பேராசிரியர் வீட்டில் அடிமையாக உழைத்து, விடுதலைக்குப் பிறகு இதே ஊரில் பள்ளி ஆசிரியை ஆனவர்.

கிளம்பும் முன் உள்சுவரின் மொட்டை வெட்டுகளின் மேலே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். ஒரு பெயர் பொறிக்கும் அளவுக்கு விட்டு வைத்திருக்கிறார்கள். கடிதங்களிலும் கணக்குப் புத்தகங்களிலும் தேடல் நடந்துகொண்டே இருக்கிறது, பெயர் உறுதியானால் வெட்டின் மேலே செதுக்கிச் சேர்க்கலாம்.